எழுதுவோர் எவர்? மலையக அரசியல் எழுத்தின் சமூகத்தளம் பற்றிச் சில குறிப்புகள்

மலையகத் தமிழரின் அரசியல் எழுத்துப் பற்றி ஆராயப் புகுந்தோர் பலரும் அவ்வெழுத்தோடு தொடர்புற்றோரின் பன்மையை வியந்து கூறுவர். வியப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்திய கோ. நடேசய்யர் தஞ்சாவூர்ப் பிராமணர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை அரசியற் பாடல்களை இயற்றித் தொழிலாளர் கூட்டங்களிற் பாடியவர். இலங்கை இந்தியர் காங்கிரசின் முன்னணியில் நின்ற ஏ. அஸீஸ் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட முஸ்லிம். சௌ. தொண்டமான் தோட்ட உரிமையாளரின் மகன். சி. வி. வேலுப்பிள்ளை மடக்கும்புரத் தோட்டத்திற் கங்காணிக் குடும்பமொன்றின் வழித்தோன்றி, 1947 ஆம் ஆண்டு தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். சாதி, சமயம், பிரதேசம், பால் ஆகிய எந்த அளவுகோல் கொண்டு நோக்கினும் இத்தகைய பன்மையை அக்கால இலங்கையின் வேறொரு மக்கட் பிரிவினரின் அரசியற் குரலிற் காண்டல் அரிது.

ஆயின் இப்பட்டியலிற் கொழுந்து கொய்தவர் எவருமிலர். இறப்பர்ப் பால் வெட்டியவர், கவ்வாத்து வெட்டியவர், முள்ளுக் குத்தியவர் எவருமிலர். பிறப்பாற் பலராயிருந்தோர் உற்பத்தியுறவில் ஒரே கரையில் நின்றனர் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்பும் கருத்து. எழுதுவோரின் சாதியையும் சமயத்தையும் எண்ணிப் பன்மையை நிறுவும் ஆய்வு, அவர்கள் எவ்வுழைப்பிலிருந்து விடுபட்டதால் எழுத முடிந்தது என்ற வினாவை எழுப்பாதவரை, பாதி உண்மையையே கூறுகின்றது.

இதனால் நடேசய்யரின் பணியையோ மீனாட்சியம்மையின் பணியையோ நாம் குறைத்து மதிப்பிடுகிறோம் எனக் கொள்ளலாகாது. மீனாட்சியம்மை தமது கருத்தைக் கட்டுரையாக அன்றிப் பாடலாக, மக்கள் அறிந்த மெட்டுகளில் அமைத்தமை ஆழ்ந்து நோக்கற்குரியது. எழுத்தறியாதோர் நிறைந்த சமூகத்திலே துண்டுப்பிரசுரம் லயத்தின் வாயிலோடு நின்றுவிடும். பாடலோ மலைக்கு ஏறும். வாசகரின் வர்க்கநிலை எழுத்தின் வடிவத்தை நிர்ணயித்ததற்கு இதனினும் தெளிவான சான்று மலையக இலக்கியத்திற் குறைவு. நடேசய்யர் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களினுட் புகுந்து தொழிலாளர் நிலையை அறிந்தார் என வழங்கும் செய்தியும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. அதனை வீரச்செயலாகவே நாம் படித்து வந்துள்ளோம். ஆனால் எழுதுபவன் வேடமிட்டே நுழைய வேண்டியிருந்த இடத்தில், அங்கு வாழ்ந்தவள் எழுதி வெளியே அனுப்புவது எங்ஙனம்?

இவ்வினாவுக்குரிய விடை மனோபாவங்களில் இல்லை. பௌதிக நிலைமைகளில் உள்ளது. லயக்காம்பிரா தோட்டத்தின் சொத்து. வேலை போயின் கூரையும் போகும். தொழிலாளிக்குத் தனி முகவரி கிடையாது. அவள் பெயருக்கு வரும் கடிதம் தோட்டக் கந்தோர் வழியாகவே வரவேண்டும். துரையைக் குறை கூறிப் பத்திரிகைக்கு எழுதினால், ஆசிரியரின் பதில் துரையின் மேசையில் வந்திறங்கும்! தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இலிருந்துதான். அதுவரை அவற்றிற் பெரும்பாலானவை ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் வாக்கைப் பறித்தன. 1964 இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றோரின் நிலைக்குச் சட்டம் தீர்வு கண்டது 2003 இலேயே. நாட்டின் அரசியல் பற்றி எழுதுவதற்கு முதலில் எழுதுபவர்க்கு நாடு வேண்டுமன்றோ?

ஒப்புநோக்குக்கு யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளலாம். சாதியொடுக்குமுறை கொடிதாயிருந்த அங்கு, முடிதிருத்தும் தொழிலாளியான டொமினிக் ஜீவா 1966 இல் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கிப் பல்லாண்டுகள் நடத்தினார். அவரது சலூன் சந்திப்பிடமாகவும் அலுவலகமாகவும் பயன்பட்டது. ஒடுக்கப்பட்டவராயினும் நகரத்துத் தொழிலாளிக்குத் தன் கருவிகளும், கதவைத் தானே திறந்து மூடத்தக்க ஓரிடமும் வாய்த்திருந்தன. லயத்தில் வாழ்ந்தவருக்கு இவ்விரண்டும் இல்லை. திறமையின் ஏற்றத்தாழ்வு பற்றிய பேச்சுக்கு இங்கு இடமேயில்லை.

1960களில் வீரகேசரி நடத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகள் புதியதொரு தலைமுறையை வெளிக்கொணர்ந்தன. பரிசு பெற்ற கதைகள் 1971 இல் ‘கதைக்கனிகள்’ என நூலுருப் பெற்றன. தோட்டத்திற் பிறந்த ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் அப்பொழுதுதான் பரவலாக எழுதத் தொடங்கினர். எனினும் அவர்களுக்குத் திறந்த கதவு சிறுகதையின் கதவே. தலையங்கம் எழுதும் மேசை பெரும்பாலும் கொழும்பிலும் தொழிற்சங்கத் தலைமையகங்களிலுமே இருந்தது. துயரத்தைச் சித்திரிக்கும் உரிமை கீழிருந்து வந்தவனுக்கும், அதற்குக் காரணம் கூறும் உரிமை மேலிருந்தவனுக்கும் எனப் பிரிவுற்ற இவ்வேலைப் பங்கீட்டை எமது இலக்கிய வரலாறுகள் போதியளவு கவனித்தில.

மாத்தளை மாவட்டம் இதற்குத் தனிச் சிக்கலொன்றைச் சேர்க்கின்றது. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு என எழுத்தாளர் பெயர்களுக்கு முன் நகரம் நிற்கின்றது. 1980 இல் மலரன்பனும் சோமுவும் வடிவேலனும் இணைந்து வெளியிட்ட ‘தோட்டக்காட்டினிலே’ தொகுதி இழிசொல்லாக வழங்கியதையே தலைப்பாக ஏற்றது, துணிவான செயல். ஆயினும் ‘மாத்தளை’ என்னும் முன்னொட்டு உக்குவளையையும் இரத்தோட்டையையும் யட்டவத்தையையும் ஒரே நகரப் பெயருள் அடக்கிவிடுகின்றது. நுவரெலியாவின் தோட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடப்பவை. அங்கு தொழிலாளர் பெருந்திரள். யட்டவத்தைப் பக்கமோ சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த இடைநாடு. இத்தகைய இடங்களில் லயங்கள் சிதறியவை, தமிழர் சிறுதொகையினர். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின் விளைவாக இடைநாட்டுத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டபோது வேலையிழந்தோரும், 1977 இலும் 1983 இலும் தாக்கப்பட்டோரும் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தனர். சங்கத்தின் சந்தாவும் வாக்கின் எண்ணிக்கையும் குறைந்த இடத்தை அரசியற் பத்திரிகை தேடி வருவதில்லை.

அதே கிராமப்புறங்களிலிருந்து சிங்கள இளைஞர் அரசியல் பேசவும் எழுதவும் எழுந்தனர் என்பதை மறத்தலாகாது. நிலமற்ற, வேலையற்ற அவ்விளைஞரின் எழுச்சியில் உண்மையான வர்க்கக் கோபம் இருந்தது. ஆனால் 1971 கிளர்ச்சிக்கு முன் மக்கள் விடுதலை முன்னணி நடத்திய ஐந்து வகுப்புகளுள் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியது. அதிலே பக்கத்துத் தோட்டத்துக் கூலிப்பெண் அயல்நாட்டு ஆதிக்கத்தின் கருவியாகத் தோன்றினாள். அவள் எழுதக்கூடியவளாயிருந்து, அவ்வெழுத்து சிங்களத்தில் வாசிக்கப்பட்டிருப்பின், அவ்வகுப்பு அவ்வாறே நடந்திருக்குமா? எழுதுவோரின் பன்மை வெறும் நீதிப் பிரச்சினையன்று. ஓர் இயக்கத்தின் கோட்பாடே பிழைபடுவதற்கும் படாமலிருப்பதற்கும் இடைப்பட்ட வேறுபாடு அது.

அவள் பேசாதவளும் அல்லள். கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் ஏசிப் பாடிய பாடல்கள் மலையகமெங்கும் உள. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்தமை பெருந்தொண்டு. அப்பாடல்களிற் கூலி வெட்டு, நிறையில் மோசடி, பாலியற் கொடுமை யாவும் கூர்மையான குற்றச்சாட்டுகளாக வருகின்றன. பலவற்றின் குரல் பெண்குரல். எனினும் அவற்றை ‘நாட்டார் இலக்கியம்’ என்ற அதிகாரத்தில் வைத்துவிட்டு, ‘அரசியல் எழுத்து’ என்ற அதிகாரத்தைத் ‘தேசபக்த’னிலிருந்து தொடங்குவதே எமது ஆய்வு வழக்கம். தொகுத்தவருக்குப் பெயருண்டு, பாடியவளுக்கில்லை. ஏட்டில் ஏறியவுடன் அவளது குற்றச்சாட்டு ‘மக்களின் ஆன்மா’வாக மாறிவிடுகின்றது, குற்றஞ்சாட்டப்பட்டவரும் மறைந்துவிடுகின்றார். நாட்டார் வழக்காற்றியல் என்ற துறைப்பெயருக்கு இப்படியும் ஒரு வசதி!

2023 ஆம் ஆண்டு, மலையகத் தமிழரின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து ஜூலை 28 ஆம் நாள் புறப்பட்ட நடைபவனி ஆகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையில் நிறைவுற்றது. முன்னோர் நடந்து வந்த வழியே அது. நிலவுரிமை, வீட்டுரிமை, சமத்துவமான பிரஜைகள் என்ற ஏற்பு ஆகியவை அதன் கோரிக்கைகளிற் சில. அந்நடைபவனி பற்றி வெளிவந்த கட்டுரைகளையும் அறிக்கைகளையும் எதிர்கால ஆய்வாளர் தொகுக்கும்போது, ஒவ்வொன்றின் கீழும் உள்ள பெயரோடு எழுதியவரின் தொழிலையும் குறித்துக்கொள்வாராக. நடந்தோரிடையே இருந்த தோட்டத் தொழிலாளப் பெண்களின் சொற்களை, பிறர் கட்டுரையின் மேற்கோளாக அன்றி, அவர்தம் பெயரிலேயே அச்சிட்ட பக்கங்கள் எத்தனை என்பதிலிருந்து அக்கணக்கு தொடங்கலாம்.