ஒலிச் சில்லுகளின் பாணிகள்

மாசி மகத் தீர்த்தவாரிக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் பல ஊர்ச் சுவாமிகள் எழுந்தருளுகிறார்கள். உடன் வரும் நாகசுர மேளங்கள் பலவற்றில் ஒத்து ஊதுபவரின் இடத்துக்கு மின்னணுச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. மின்னணு நாதம் நம் காதுக்குப் புதிதல்ல. அதன் இன்னொரு பரம்பரை, காசு போட்டு ஆடிய ஆர்கேட் விளையாட்டு எந்திரங்களின் ஒலிச் சில்லுகள். அவற்றுக்கும் பாணிகள் உண்டு.

முதலாவது சதுர அலைப் பாணி. ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் 1978இல் கொண்டுவந்த ஏஒய்-3-8910இல் ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்று குரல்களும் ஓர் இரைச்சலும்தான். கோனாமியின் ‘கைரஸ்’ (1983) அதே சில்லில் ஐந்தைச் சேர்த்து பாக்கின் டொக்காட்டாவை முழங்கியது.

என் மனம் அதிகம் தங்குவது நாம்கோ நிறுவனத்தின் பாணியில். அலையின் ஒரு சுற்றை 32 படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியின் உயரத்தையும் 16 மட்டங்களில் ஒன்றாக எழுதிவைத்தார்கள். அந்த எண்களை வேகமாகச் சுழற்றி வாசித்தால் சுருதி ஏறும். எண்களையே மாற்றினால் குரலின் நிறம் மாறும். ‘பேக்-மேன்’ (1980) எந்திரத்தின் மின்சுற்றுப் பலகையில் இந்த வேலையைப் பல சிறு சில்லுகள் பகிர்ந்துகொண்டன. எட்டு அலைவடிவங்கள், மூன்று குரல்கள். ஆட்டத்தின்போது ஒரு குரல் சைரனாக ஏறி இறங்கும், மற்றொன்று புள்ளிகளை விழுங்கும். இத்தனை சிக்கனத்தில் இவ்வளவு தெளிவு! ‘காலகா’வில் (1981) வெடிச் சத்தத்துக்கென்றே ஒரு தனிச் சில்லு.

பண்பலைப் பாணிக்கு மூலவர் ஸ்டான்ஃபோர்டின் ஜான் சவுனிங். ஓர் அலையின் அதிர்வை இன்னோர் அலையால் அசைத்து மணியோசையும் பித்தளை நாதமும் பிறப்பிக்கும் வழியை 1967இல் கண்டார். யமஹாவின் ஒய்எம்2151 அதை எட்டுக் குரல்களில் ஆர்கேடுக்குக் கொண்டுவந்தது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ (1991) பலகையில் அதன் பக்கத்திலேயே பதிவுசெய்த ஒலியைத் தரும் ஓகி நிறுவனச் சில்லும் இருக்கிறது. பிறகு பதிவொலியே கோலோச்சியது.

இந்தச் சில்லிசையின் தரம் பார்க்கக் குரல்களை எண்ணினால் போதாது. குரல் பற்றாதபோது இசையமைப்பாளர் எதை விட்டார், எதைக் காப்பாற்றினார் என்று கேட்க வேண்டும்.

இந்தச் சில்லுகளில் ஒரு விளையாட்டு நிறுவனம் தனக்கென்று செய்துகொண்டது கடையில் கிடைத்ததில்லை. அது பழுதானால் பலகை ஊமை. அதனால்தான் ஆர்வலர்கள் சில்லின் உறையை அமிலத்தில் கரைத்து, உள்ளே பதிந்த நிரலை நுண்ணோக்கியில் படித்துக் காக்கிறார்கள். நம் ஊரில் எவர் வீட்டுப் பரணிலாவது பழைய ஆர்கேட் பலகை கிடந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். உப்புக்காற்று சில்லின் கால்களை அரித்துவிடும். ஈரம் புகாத பெட்டியில் வையுங்கள், விவரம் தெரிந்தவர் பார்க்கும்வரை மின்சாரம் கொடுக்காதீர்கள்.