கடைசி அறுவடை யாருடையது?

விவசாயக் குடும்பம் நிலத்தை இழக்கும் கதை என்றதும் நமக்குள் ஒரு டெம்ப்ளேட் ஓட ஆரம்பித்துவிடும். வெடித்த பூமி, ஈவிரக்கமற்ற வில்லன், வானத்தைப் பார்த்துக் கண்ணீர் விடும் பெரியவர். கார்லா சிமோன் இயக்கிய கட்டலான் மொழிப் படம் ‘அல்கராஸ்’ (2022) இவை எதையும் தொடவில்லை. கோடையில் ஒரு குடும்பம் பீச் பழம் பறிக்கிறது. படத்தின் பெரும்பகுதி அவ்வளவுதான். அது ஏன் இப்படிக் கனக்கிறது?

ஸ்பெயினில் லேய்தா நகருக்கு அருகே இருக்கும் சிற்றூர் அல்கராஸ். சோலே குடும்பம் தலைமுறைகளாக உழைக்கும் நிலம் பின்யோல் குடும்பத்துடையது. 1936-39 உள்நாட்டுப் போரில் பின்யோல்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்கள் சோலேக்கள். அந்த நன்றிக்குக் கைமாறாகக் கிடைத்த நிலம். பத்திரம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. இன்றைய வாரிசுக்கு அங்கே சோலார் பேனல் வைக்க வேண்டும். இந்த அறுவடையோடு மரங்களைப் பிடுங்கிவிடுவார்கள்.

இதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் நிதானமாக உட்கார்ந்து பேசுவதில்லை. ஆளாளுக்கு ஒரு வேலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்பா கிமெட் முதுகுவலியோடு பழப்பெட்டி தூக்குகிறார். ராத்திரியில் பயிரைக் கடிக்கும் முயல்களைச் சுடப் போகிறார்கள். தாத்தா ரொஹேலியோ அத்திப்பழம் பறித்து பின்யோலுக்குக் கொண்டுபோகிறார். பழைய மரியாதை இன்னும் செல்லும் என்று நம்புகிற ஒரே ஆள் அவர்தான். அந்த அத்திப்பழம்தான் அவருடைய மனு.

மகன் ரோஜர் தோட்டத்தில் மாடாய் உழைக்கிறான். அப்பாவிடமிருந்து ஒரு சபாஷ் வராது, படிக்கப் போ என்ற அதட்டல்தான் வரும். தன்னால் விட முடியாத வாழ்க்கை மகனுக்கு வேண்டாம் என்று நினைக்கிற அப்பா. கிமெட்டின் இந்த முரணை யாரும் வசனமாக விளக்குவதில்லை. படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மென்பொருள் துறையில் இருப்பவனுக்கு சோலேக்களின் சிக்கல் பழகியது. டாக்குமென்டேஷன் இல்லாத சிஸ்டம், அதை உருவாக்கியவர்கள் இருக்கும்வரை ஓடும். அடுத்து வருபவர் மோசமானவராக இருக்க வேண்டியதில்லை, அவருக்கு அது தெரியாமல் இருந்தாலே போதும். பின்யோல் கொடுமைக்காரர் இல்லை. பேனல்களைப் பராமரிக்கும் வேலை தருகிறேன், உழைப்பு குறைவு, காசு அதிகம் என்கிறார். கிமெட்டின் தங்கை குடும்பம் அந்தப் பக்கம் சாய்கிறது, வீடு இரண்டாகிறது. சூரிய மின்சாரத்தை நாம் எல்லோரும் நல்லது என்று நம்புவதால், எந்தப் பக்கம் நிற்பதென்று நமக்கும் புரிவதில்லை.

ஆனால் ஒரு குறை உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தினக்கூலிகள் இதே மரங்களில் பழம் பறிக்கிறார்கள். பழத்துக்கு விலை இல்லாததால் கூலியாட்களைக் குறைக்க வேண்டிய நிலை. அவர்களுக்கும் இது கடைசி அறுவடைதான். அவர்கள் சாயங்காலம் எங்கே போகிறார்கள் என்று கேமரா கேட்பதில்லை. பெரியவர்களின் துக்கத்தைக் குழந்தைகளின் உயரத்திலிருந்து பார்க்கத் தெரிந்த இயக்குநர், கூலியாளின் இடத்திலிருந்து ஒரே ஒரு காட்சி பார்த்திருக்கலாம். சிமோனின் சொந்தக் குடும்பமே அல்கராஸில் பீச் வளர்ப்பது. நடித்தவர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்து மக்கள், தொழில்முறை நடிகர்கள் இல்லை. அவர்கள் பழத்தைத் தொடும் விதமே அதைச் சொல்கிறது. இந்த நெருக்கம் தந்த பலம்தான் பார்வையைக் குடும்பத்துக்குள்ளேயே நிறுத்திவிட்டது என்று தோன்றுகிறது.

பெர்லினில் தங்கக் கரடி வென்ற படம் இது. விருதை விட அதன் முடிவுதான் எனக்கு முக்கியம். குடும்பம் மொத்தமும் பீச் பழங்களைப் பதப்படுத்திக்கொண்டிருக்கிறது. வெளியே மரங்களைப் பிடுங்கும் இயந்திரத்தின் சத்தம். எழுந்து வந்து பார்க்கிறார்கள். அடுத்த வருஷம் மரம் இருக்காது. பழத்தை வீணாக்க மட்டும் அவர்களுக்கு இன்னும் கை வரவில்லை.