பாட்டுக்குப் போட்ட வேலி

‘தூய்மை’ என்ற சொல் காதில் விழும்போதெல்லாம், அதைச் சொல்பவன் யார், சொல்லி அவன் பெறுவது என்ன என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்தக் கேள்வியை இசையிடமும் கேட்டாக வேண்டும். அதற்கு ஒளிவு மறைவின்றி விடை தரும் கலை ஒன்று உண்டு. அதுதான் அமெரிக்க நாட்டின் ‘கன்ட்ரி’ இசை.

‘கன்ட்ரி’ என்றால் நாட்டுப்புறம். அகன்ற தொப்பி, தோளிலே கிதார், பின்னணியிலே குதிரை, நடுவிலே வெள்ளை நிற ஆண்மகன். இதுவே அந்த இசையின் விற்பனைப் படம். அப்பலாச்சிய மலைச்சாரலில் குடியேறிய வெள்ளை உழவனின் நாவிலே பிறந்து, அயற்கலப்பு ஏதுமின்றி வளர்ந்த இசை என்று முழங்குவர் அதன் காவலர். முழக்கம் இருக்கட்டும், வரலாறு என்ன கூறுகிறது?

பிடில், ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தவர்களோடு வந்தது, மறுப்பாரில்லை. ஆனால் பாஞ்சோ? ஆப்பிரிக்காவிலே பிடிக்கப்பட்டு, விலங்கிட்டு விற்கப்பட்ட மக்கள், தாயகத்துக் கருவிகளின் நினைவைக் கொண்டு, சுரைக்குடுக்கையில் தோலைப் போர்த்தித் தந்தி கட்டிச் செய்த கருவி அது! 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் சிலர் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையேறி, கறுப்பரைக் கோமாளிகளாக்கிக் காட்டிக் காசு சேர்த்தபோது, அவர்கள் கையில் இருந்ததும் அதே பாஞ்சோதான். ஆளை இகழ்ந்தார்கள், அவன் கருவியைக் கவர்ந்தார்கள். பின்னர் வந்து சேர்ந்த ஸ்டீல் கிதார், ஹவாய்த் தீவினரின் கொடை. குரலை உடைத்து உயர்த்திப் பாடும் ‘யோடல்’, ஆல்ப்ஸ் மலைநாட்டு வழக்கு. இத்தனை ஆறுகள் கலந்த கடலிலே எந்தத் துளியைத் தூய துளி என்பது?

கலந்து பிறந்த இசைக்கு வேலி போட்டது யார்? வணிகம்! 1920-இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் ‘புளூஸ்’ பாட்டை ஓக்கே கம்பெனி இசைத்தட்டாக்கிற்று. தட்டு விற்றது. கறுப்பரும் காசு கொடுத்து வாங்குவர் என்று கம்பெனிகள் கண்டுகொண்டன. 1923-இல் அதே கம்பெனியின் ரால்ஃப் பியர், அட்லாண்டா நகரிலே பிடில்காரர் ஜான் கார்சனைப் பாட வைத்துப் பதிவு செய்தார். அதுவும் விற்றது. ஏழை வெள்ளையரும் வாங்குவர் என்பது விளங்கிற்று. உடனே இரண்டு பட்டியல்கள்! கறுப்பருக்கு ‘இன’ இசைத்தட்டு. வெள்ளையருக்கு ‘ஹில்பில்லி’ இசைத்தட்டு. ஹில்பில்லி என்றால் பட்டிக்காட்டான்! இருவரையும் இகழ்ந்தனர், இருவர் மடியிலும் கைவிட்டனர். ஒரே வட்டாரத்தில் ஒரே பாட்டை இரு நிறத்தாரும் பாடிவந்தனர். ஆயினும், பிடில் வாசிக்கும் கறுப்பர் குழுக்களைப் பதிவு செய்யக் கம்பெனிகள் பெரிதும் முன்வரவில்லை. நீ புளூஸ் பாடு, அதுதான் உன் பட்டியல் என்றன.

இதிலே வேடிக்கை ஒன்று உண்டு. வெள்ளையர் இசையின் தொடக்கம் எனப் போற்றப்படும் கார்சனின் அந்த இசைத்தட்டில் இருந்த பாட்டு எது? 1871-இல், முதிய கறுப்பர் ஒருவர் தம் பழைய குடிசையை எண்ணிப் பாடுவதாக, வெள்ளையர் ஒருவர் மேடைக்கென்று புனைந்த பாட்டு! வேலியின் முதல் கம்பத்தையே பக்கத்து நிலத்திலிருந்து பிடுங்கி வந்து நட்டிருக்கிறார்கள்.

1927-இல் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் ஊரில் பியர் நடத்திய ஒலிப்பதிவில் வெளிப்பட்டவர்கள் கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்சும். ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராய்ச் சென்று பாட்டுத் திரட்டியபோது உடன் சென்றவர் யார்? லெஸ்லி ரிடில் என்ற கறுப்பர். ஆலை விபத்தில் ஒரு காலை இழந்த கிதார்க்காரர். சொற்களைக் கார்ட்டர் எழுதிக்கொள்ள, மெட்டை நெஞ்சில் ஏந்தி வந்தவர் ரிடில். ராட்ஜர்ஸ் புளூசையும் யோடலையும் இணைத்தார். 1930-இல் அவர் பாடிய தட்டொன்றில் எக்காளம் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். ஆனால் தட்டின் மீது அவர் பெயர் இல்லை! ஹேங்க் வில்லியம்சுக்கு இளமையில் கிதார் கற்பித்தவர், அலபாமாவின் தெருக்களில் பாடிப் பிழைத்த ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பர். மாணவரின் புகழ் உலகறியும். ஆசிரியர்?

டிஃபோர்ட் பெய்லியின் கதை இன்னும் கொடிது. நாஷ்வில் நகரின் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஒன்று நடத்திய வானொலியில் 1925-இல் தொடங்கியது கன்ட்ரி இசையின் தலையாய நிகழ்ச்சி. 1927-இல் அதற்கு ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற பெயர் பிறந்த இரவில், மவுத் ஆர்கனில் இரயிலோசையை எழுப்பியவர் பெய்லி. அடிமையாய் இருந்தவரின் பேரர். ஊர் ஊராய்ச் சென்ற கலைக்குழுவில் அவருக்கும் கைதட்டல் கிடைத்தது. உடன் வந்த வெள்ளையர் உண்ட உணவகத்தில் அவருக்குச் சோறு கிடைக்கவில்லை, தங்கிய விடுதியில் இடம் கிடைக்கவில்லை. 1941-இல், பாட்டுரிமைக் கட்டணம் பற்றி வானொலிகளுக்கும் உரிமையாளர் சங்கத்துக்கும் எழுந்த பூசலால் அவருடைய பழைய பாட்டுகள் ஒலிபரப்பிலிருந்து தடைப்பட்டன. அவ்வாண்டே அவர் நீக்கப்பட்டார். நிகழ்ச்சியை நடத்தியவரோ, பின்னர் 1945-இல் எழுதிய நூலில் பெய்லியைச் சோம்பேறி என்றார்! அந்தச் ‘சோம்பேறி’ பிறர் காலணிகளுக்கு மெருகேற்றி உழைத்து வாழ்ந்தார், 1982-இல் மறைந்தார். கன்ட்ரி இசையின் புகழ்க்கூடத்தில் அவருக்கு இடம் தந்தது 2005-இல்!

‘மரபைக் காக்கிறோம், நிறத்தைப் பார்க்கவில்லை’ என்று காவலர் சொல்லக்கூடும். மரபையேனும் காத்தார்களா? 1949-இல் ‘பில்போர்ட்’ ஏடு ஹில்பில்லிக்குக் ‘கன்ட்ரி–வெஸ்டர்ன்’ என்று புதுப்பெயர் சூட்டிற்று. 1954-க்குப்பின் எல்விஸ் பிரெஸ்லியின் ராக் இசை இளைஞரை ஈர்த்துச் சென்றதும், நாஷ்வில் பதிவாளர்கள் செட் அட்கின்சும் ஓவன் பிராட்லியும் பிடிலையும் ஸ்டீல் கிதாரையும் பின்னே தள்ளி, நகரத்தார்க்கு இனிக்கும் வயலின் கூட்டத்தையும் பின்னணிக் குழுவினரையும் முன்னே நிறுத்தினர். அதை ‘வளர்ச்சி’ என்றனர். அதைப் பொறாமல் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து பக் ஓவன்சும் மெர்ல் ஹேகார்டும் மின் கிதாரோடு கிளம்பினர். 1970-களில் வில்லி நெல்சனும் வேலன் ஜென்னிங்சும் கம்பெனிக் கட்டளையை மீறினர். அதையும் ‘வளர்ச்சி’ என்றே விற்றனர். 2012-இல் இரு வெள்ளை இளைஞர் பாடிய ‘குரூஸ்’, ராப் பாடகரைச் சேர்த்து மறுபதிப்பும் பெற்றுப் பில்போர்டின் கன்ட்ரிப் பட்டியலில் 24 வாரம் முதலிடம் வகித்தது. 2019-இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞர், ராப் தாளத்தில் குதிரைக்காரன் பாட்டொன்றைப் பாடினார். கன்ட்ரிக் கூறுகள் போதவில்லை என்று அதே பட்டியலிலிருந்து அதை நீக்கினார்கள்! நாட்டின் பொதுப் பட்டியலில் அது 19 வாரம் முதலிடத்தில் நின்றது. மக்கள் காதுக்கு எட்டிய இசை, பட்டியல்காரர் காதுக்கு எட்டாமற் போன விந்தைதான் என்ன!

‘சார்லி பிரைட் வெற்றி பெறவில்லையா?’ என்பர். பெற்றார். மிசிசிப்பியின் குத்தகை உழவர் மகன். 29 பாட்டுகளை முதலிடத்தில் ஏற்றியவர். 1971-இல் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது பெற்றவர். ஆனால் 1966-இல் அவருடைய முதல் தட்டுகளைக் கம்பெனி வானொலிகளுக்கு அனுப்பியபோது, அவர் படத்தை அனுப்பவில்லை. குரலுக்கு வாயிலைத் திறந்துவிட்டு முகத்தை ஒளித்து வைத்தது ஏன்? 1983-இல் அவர் கடைசியாக முதலிடம் கண்டபின், மற்றொரு கறுப்பினத் தனிப்பாடகர், டேரியஸ் ரக்கர், அங்கு ஏற 2008 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒருவரை உள்ளே விட்டு, அவரைக் காட்டியே கதவைச் சாத்துவது பழைய தந்திரம்.

வேலிக்கு வெளியே பெண்ணும் நின்றாள். ஆடவன் கெடுவதற்குப் பெண்ணே காரணம் என்ற பாட்டுக்கு மறுப்பாக 1952-இல் கிட்டி வெல்ஸ் பாடிய பாட்டு முதலிடம் பெற்றது. கன்ட்ரிப் பட்டியலில் தனியொரு பெண் அவ்விடம் பெற்றது அதுவே முதன்முறை. சுரங்கத் தொழிலாளியின் மகள், 15 வயதில் மணமுடிக்கப்பட்ட லொரெட்டா லின், கருத்தடை மாத்திரை பெண்ணுக்குத் தந்த விடுதலையை 1975-இல் பாட்டாக்கினார். குடியையும் கொலையையும் கூசாமல் ஒலிபரப்பிய வானொலிகள் பல, அந்தப் பாட்டுக்குத் தடை போட்டன! வாழ்வை உள்ளவாறு பாடுவதே கன்ட்ரி என்று பெருமை பேசியவர்களுக்கு, பெண்ணின் வாழ்வு மட்டும் உள்ளதாகப் படவில்லை போலும். 2015-இல்கூட, பாடகியரைக் காய்கறிக் கலவையில் இடும் தக்காளித் துண்டுகளாகக் கருதி அளவோடு சேர்க்கும்படி வானொலிகளுக்கு ஆலோசகர் ஒருவர் அறிவுரை வழங்கினார்.

இத்தனைக்குப் பின்னும் இந்த இசையை வெறுக்கச் சொல்கிறோமா? இல்லை. மூன்றே நாண்களைக் கொண்டு, சுரங்கத்தின் இருளையும் ஆலையின் களைப்பையும் கடன்பட்டவன் கலக்கத்தையும் சொல்ல வல்ல எளிய கலை இது. ஆதிக்கக்காரரின் பழைய தென்னாட்டை எண்ணி ஏங்கும் பாட்டுகளும், எல்லாம் விதியென்று மதுக்கோப்பைக்குள் மூழ்கும் பாட்டுகளும் இதிலே ஏராளம், அவற்றைப் புறந்தள்ளுவோம். உழைப்பவன் குரலாக ஒலிப்பவற்றை உவந்து கேட்போம்.

இன்று வேலி ஆடுகிறது. 2024-இல் பியான்சே, கன்ட்ரிப் பாட்டுப் பட்டியலின் முதலிடத்தைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். அந்தப் பாட்டில் பாஞ்சோ வாசித்தவர், அக்கருவியின் ஆப்பிரிக்க வரலாற்றை ஊரறியச் செய்து வரும் ரியானன் கிடன்ஸ். 1969-இல் ஆப்ரி மேடையேறிய முதல் கறுப்பினத் தனிப்பாடகி லிண்டா மார்ட்டெலின் குரலும் பியான்சேயின் அந்த இசைத்தொகுப்பில் ஒலித்தது. நாஷ்வில் கன்ட்ரி இசைச் சங்கம் அவ்வாண்டு விருதுக்கு அதன் பெயரைப் பரிந்துரைக்கவும் இல்லை. 2025-இல் கிராமி விருதுக் குழுவோ, ஆண்டின் சிறந்த தொகுப்பும் அதுவே, சிறந்த கன்ட்ரித் தொகுப்பும் அதுவே என்றது.

சுரைக்குடுக்கையில் தந்தி கட்டியவனின் வழித்தோன்றல்கள், தம் வீட்டுக்குத் தாமே விருந்தினராய் அழைக்கப்பட இத்தனை ஆண்டு! மரபு, மரபு என்று இனி எவரேனும் முழங்கினால், பணிவோடு ஒன்று கேட்போம்: யார் படைத்த மரபு, ஐயா? யார் பெயரை அழித்துவிட்டு உங்கள் பெயரை எழுதினீர்கள்? விடை சொல்லட்டும். அதுவரை பாட்டைக் கேட்போம், வேலியை ஏற்கமாட்டோம்.