அசைந்த தளக்கல்லும் ஆடும் ஊசலும்

ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டி, தாளில் வரைந்த கூட்டல் குறியின் மையத்துக்கு நேர்மேலே பிடியுங்கள். 'கிழக்கு மேற்காக மட்டும் ஆடக்கூடாது' என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் கல் அந்தத் திசையிலேயே ஆடத் தொடங்கும். பேய் வேலையன்று, விரல் தசைகளின் நுண்ணிய அசைவை ஊசல் பெருக்கிக் காட்டுகிறது. அமெரிக்க உளவியலார் டேனியல் வெக்னரும் குழுவினரும் 1998-இல் இதைச் சோதித்தனர். மனத்துக்கு வேறொரு சுமையும் ஏற்றியபோது, தடுத்த திசையிலேயே ஊசல் மேலும் ஆடியது. ஆறு இலக்க எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, 'குழியைத் தாண்டி அடிக்காதே' என்ற கட்டளையுடன் கோல்ஃப் பந்தை அடித்தவர்கள் தாண்டியே அடித்தனர்.

இந்தக் கண்ணோடுதான் அபினவ் பிந்த்ரா, ரோகித் பிரிஜ்நாத்துடன் எழுதி 2011-இல் வெளியான 'எ ஷாட் அட் ஹிஸ்டரி' நூலைப் படித்தேன். 2004-இல் ஏதென்ஸில் தகுதிச் சுற்றில் 597 புள்ளிகளுடன் மூன்றாமிடம்; இறுதியிலோ ஏழாமிடம். காலடியில் தளக்கல் தளர்ந்திருந்தது பின்னரே தெரிந்தது. அப்படியொரு நினைவு எவரையும் விடாது. 2008-இல் பீஜிங்கில் கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்து வீரர் ஹாக்கினனுடன் சமநிலை. பிந்த்ரா 10.8, அவர் 9.7. மொத்தம் 700.5, தங்கம்.

தோல்வியை ஒளிக்காதது நூலின் சிறப்பு. அச்சத்தை 'நினைக்காதே' என்று விரட்டாமல், அதனிடமே போய்ப் பழகுகிறார். பெரிய அரங்குக்குப் பழக ஒரு கல்யாண மண்டபத்தையே வாடகைக்கு எடுத்தார். (முகூர்த்தமில்லாத நாளாக இருந்திருக்க வேண்டும்!) ஜெர்மனியில் உயரமான கம்பத்திலும் ஏறினார்.

ஆனால் கம்பம் ஏறியதால்தான் தங்கமா? ஏறியும் தோற்றவர்கள் நூல் எழுதுவதில்லை. ஒரே அளவீட்டை வைத்து வரைபடம் போட்டால் நம் ஆய்வகத்தில் மதிப்பெண் கிடையாது. இந்நூலைத் தன்னம்பிக்கை மருந்தாக மேடையில் விற்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வெக்னரின் சோதனைக்கும் எல்லை உண்டு. அது ஆய்வகத்தில் நடந்தது, ஒலிம்பிக் இறுதியில் அன்று.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் விளையாட்டு விழாக்களில், உயரம் தாண்ட ஓடிவரும் பிள்ளையைப் பார்த்து 'குச்சியைத் தட்டிடாதே!' என்று கத்துகிறோம். நானும் கத்தியவன்தான். இப்போது 'கால் ஊன்றும் இடத்தைப் பார்' என்கிறேன். எந்தச் சொல்லுக்குக் குச்சி குறைவாக விழுகிறது? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் பள்ளித் திடலில் எண்ணிப் பாருங்கள்.