குழல்மேல் ஒரு மெய்க்கீர்த்தி

கல்வெட்டு படிக்கிறவர்கள் ஆண்டு குறிப்பிடாத கல்லின் முன்னால் நின்றும் காலத்தைச் சொல்லிவிடுவார்கள். எழுத்தமைதியைப் பார்ப்பார்கள்; அரசனின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தி இருந்தால் அது எந்த வெற்றிவரை வந்து நிற்கிறது என்று பார்ப்பார்கள். முதலாம் ராஜராஜனின் ஆட்சி ஆண்டு ஏற ஏற, அவன் வென்ற நாடுகளின் வரிசையும் கல்லில் நீண்டுகொண்டே போகும். பழைய ரிவால்வர்களைச் சேகரிக்கும் அமெரிக்கர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்வெட்டுக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

கோல்ட் கம்பெனி ஹார்ட்ஃபோர்டில் 1873இல் கொண்டுவந்த ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரும்புச் சட்டத்தின் இடப்பக்கத்தில் காப்புரிமைத் தேதிகள் இருக்கும். தொடக்கத்தில் இரண்டுதான்: 1871 செப்டம்பர் 19, 1872 ஜூலை 2. பிறகு 1875 ஜனவரி 19 வந்து சேர்ந்துகொண்டது. மூன்றும் மூன்று வரிகளில் நின்றன. பின்னர் இரண்டு வரிகளுக்குள் நெருக்கி அமர்ந்தன. 1890 வாக்கில், முன்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைக்குட்டி ஒரு வட்டத்துக்குள் நுழைந்தது. சில காலத்தில் வட்டம் போய்க் குட்டி மட்டும் நின்றது. குழலின் மேல் ஓடும் கம்பெனி முகவரி முதல் சில ஆண்டுகள் சாய்ந்த எழுத்தில் இருந்தது; அதன்பின் நிமிர்ந்துகொண்டது. வரிசை எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு இவற்றை மட்டும் பார்த்தே, அது பிறந்த காலத்தை ஒரு சில ஆண்டுகளுக்குள் அடக்கிவிடுவார் தேர்ந்த சேகரிப்பாளர்.

இந்தப் பொறிப்புகளில் என் மனம் அதிகம் தங்குவது அதே கம்பெனியின் 1851ஆம் ஆண்டு ‘நேவி’ ரிவால்வரில். அதன் சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போரே நடக்கிறது. 1843 மே 16 அன்று காம்பெச்சே கடலில் டெக்சஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதிக்கொண்ட காட்சி அது. டெக்சஸ் கடற்படை கோல்டின் ஆரம்ப கால வாடிக்கையாளர். காட்சி அதற்கான மரியாதை. செதுக்கியவர் வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி, வங்கி நோட்டுகளுக்குத் தகடு செதுக்கும் கலைஞர். கள்ள நோட்டு அடிக்க முடியாதபடி எப்படிச் செதுக்குவது என்பதே அவருடைய தீராத கவலை. கம்பெனியை நிறுவிய கோல்ட் அவரைத் தேடிப் போனதற்கு அழகு மட்டும் காரணமில்லை. அவ்வளவு நுணுக்கமான பாய்மரங்களையும் புகையையும் போலிக்காரன் சுலபமாகப் பார்த்து எழுத முடியாது.

வேலை நடந்த விதமும் அழகு. காட்சி முழுவதையும் ஓர் எஃகு உருளையில் கையால் செதுக்கி, அதைக் கடினமாக்கி, சிலிண்டரோடு சேர்த்து அழுத்தி உருட்டுவார்கள். இரும்பு வெட்டுப்படுவதில்லை; அமுங்கி இடம் கொடுக்கிறது. பதிந்தது மேலாக என்பதால், உறையில் போட்டு எடுத்துப் போட்டு எடுத்தே கப்பல்கள் தேய்ந்துபோயின. அதனால்தான் சேகரிப்பாளர்கள் ‘காட்சி எத்தனை சதவீதம் மிச்சம்?’ என்று முதலில் கேட்கிறார்கள். லண்டன் பிம்லிகோவில் கோல்ட் சில ஆண்டுகள் நடத்திய தொழிற்சாலையின் நேவியில் முகவரி நியூயார்க்குக்குப் பதில் லண்டன் என்று மாறியிருக்கும். கூடவே பிரிட்டிஷ் சோதனை முத்திரைகளும் இருக்கும்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வேறு குணம். ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அந்தக் கம்பெனி முக்கியமான செய்தியை உள்ளே ஒளித்து வைத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சட்டத்தின் வலப்பக்கத்தில் ‘மேட் இன் யூ.எஸ்.ஏ.’ என்று தொடங்கி, ஸ்பானிய மொழியில் ‘மார்க்காஸ் ரெஜிஸ்ட்ராதாஸ்’ என்று தொடர்ந்து, பெயரும் ஊருமாக முடியும் நான்கு வரி வந்தது. அது ஊருக்குச் சொன்னது. 1957இல் மாடல் எண்கள் வந்தபோது, அவற்றைச் சிலிண்டரை வெளியே சாய்த்தால் மட்டுமே தெரியும், அதைத் தாங்கும் யோக்கின் இடுக்கில் அடித்தார்கள். உறுப்பு ஏதாவது மாறினால் எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடும் இன்னோர் எண்ணும் சேரும். மாடல் 29 ரிவால்வரில், சுடும் அதிர்ச்சியில் காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பி தானாகக் கழன்றுகொள்ளக் கூடாது என்று மரையை இடப்பக்கம் திருப்பினார்கள், அது 29-1. விசைக்காப்பின் முன்னால் இருந்த திருகை எடுத்தார்கள், 29-2. குழலைப் பூட்டும் குறுக்கு ஆணியையும், தோட்டாவின் விளிம்பு உள்ளே அமரும் பள்ளத்தையும் 1982இல் கைவிட்டார்கள், 29-3. தன் கைவேலை எங்கே குறைந்தது என்பதைத் தானே தேதிபோட்டு எழுதிவைத்த கம்பெனி என்று அதை மதிக்கிறேன்.

பழுதுக்காகத் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்த துப்பாக்கிகளின் கைப்பிடி அடியில் அவர்கள் ஒரு சிறு நட்சத்திரம் அடித்த வழக்கமும் உண்டு. பிடிமரத்தைக் கழற்றினால் வேலை முடிந்த மாதமும் ஆண்டும் கிடைக்கும். வெளியே மறுமெருகு போட்டவற்றில் அந்த நேர்மை இருக்காது. ஆனால் எழுத்து காட்டிக்கொடுக்கும். மெருகுச் சக்கரம் பட்ட எழுத்தின் விளிம்பு மழுங்கி, சோப்பில் எழுதியதுபோல் வழுக்கும். இரும்பின் நீல மெருகு எவ்வளவு பளபளத்தாலும் நான் எழுத்தின் விளிம்பைத்தான் நம்புவேன்.

பிந்திய மாற்றங்களில் எனக்கு மனம் ஒட்டவில்லை. 1970களின் கடைசியிலிருந்து ரூகர் கம்பெனி, பயன்படுத்தும் முன் கையேட்டின் எச்சரிக்கைகளைப் படிக்கவும் என்ற நீண்ட வாக்கியத்தைக் குழலிலேயே பொறித்தது. பாதுகாப்புக்கு வேண்டியதுதான், ஆனாலும் கண் அங்கே இடறுகிறது. 2002 முதல் வரிசை எண்ணின் ஆழம் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்குக்கும், உயரம் பதினாறில் ஒரு பங்குக்கும் குறையக்கூடாது என்று அமெரிக்கச் சட்டம் அளவு குறித்துவிட்டது. இன்று லேசர் எழுதுகிறது. ஒவ்வொரு எழுத்தும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோலிருக்கிறது. அச்சு தேய்ந்த தடயமோ, ஓர் எழுத்து ஆழமாகவும் அடுத்தது மேலாகவும் விழுந்த தடயமோ இல்லை. காலம் சொல்ல அந்தத் தடயங்கள்தானே வேண்டும்.

போர்க்காலத் துப்பாக்கியில் அப்படி ஒரு தடயம் உண்டு. 1942இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ ரிவால்வர் பத்து லட்சத்தை எட்டியபோது எண்ணை மறுபடி தொடங்கி, முன்னால் வெற்றிக்கான ‘வி’யைச் சேர்த்தார்கள். விக்டரி மாடல் என்ற பெயர் அதனால் வந்தது. 1944இன் கடைசியில் ஒரு விக்டரி ரிவால்வர், கப்பலின் இரும்புத் தளத்தில் கைதவறி விழுந்து வெடித்தது. மாலுமி ஒருவர் இறந்தார். பழைய தடுப்பு போதாது என்று தெரிந்து, சுத்தியலை மறிக்கும் புதிய தடுப்பை அவசரமாக வடிவமைத்தார்கள். அது உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ‘வி’க்கு முன்னால் ‘எஸ்’ வந்தது. முன்பே செய்தனுப்பிய துப்பாக்கிகளில் தடுப்பைப் பின்னால் பொருத்தியபோதும் தனியாக ஓர் ‘எஸ்’ அடித்தார்கள். பக்கத்து ‘வி’யோடு நேர்கோட்டில் நிற்காமல் சற்றே சரிந்து விழுந்த ‘எஸ்’ உள்ள ஒன்றைப் பார்த்தால், அந்தக் கைப்பிடியின் அடிப்பக்கத்தை விட்டு என் கண் எளிதில் நகராது.