அடித்த வரிகளில் முளைத்த படங்கள்

1924-இல் அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது தாகூர் எழுதிய ‘பூரபி’ கவிதைகளின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தால், அடித்துத் திருத்திய வரிகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பறவைகளாகவும் பெயர் தெரியாத மிருகங்களாகவும் மாறிக் கிடக்கும். வேண்டாமென்று ஒதுக்கிய சொற்களின் மேல் அவர் இழுத்த கோடுகள் அவை. அவற்றைக் கண்டு வியந்தவர், அங்கே அவரை உபசரித்த விக்டோரியா ஒகாம்போ. 1930-இல் பாரிஸின் பிகால் கலைக்கூடத்தில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடக்க ஓடியாடி உதவியவரும் அவரே. அறுபதைத் தாண்டித் தூரிகை பிடித்த தாகூர், 1941-இல் மறைவதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை வரைந்துவிட்டார்.

எழுதுகிறவனுக்கு ஓவியமோ இசையோ கைவந்தால் எழுத்து வளம் பெறும் என்போர் முதலில் அழைக்கும் சாட்சி தாகூர்தான். சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது. ‘கோரா’ நாவல் நூலானது 1910-இல். நோபல் பரிசு 1913-இல். அவர் பெயரை நிலைநிறுத்திய படைப்புகளில் பெரும்பகுதி, அவர் ஓவியராவதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டவை. ஆக, ஓவியத்தால் எழுத்து வளர்ந்தது என்பதைவிட, எழுத்திலிருந்து ஓவியம் கிளைத்தது என்பதே காலவரிசைக்குப் பொருந்தும்.

அப்படியானால் ஓவியம் அவருக்கு ஒன்றும் தரவில்லையா? தந்தது, வேறு வழியில். அவர் படங்களில் வரும் இருண்ட முகங்களுக்கும் கோரமான பிராணிகளுக்கும் அவருடைய பாடல்களில் இடமில்லை. பாட்டு உள்ளே விடாததெல்லாம் தாளுக்கு வந்தது. பிறகு 1937-இல், தானே படம் வரைந்து வெளியிட்ட ‘காப்சாடா’ என்ற வேடிக்கைப் பாடல்களிலும் ‘ஷே’ என்ற விசித்திரக் கதையிலும் அந்தப் பிராணிகளின் குறும்பு எழுத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஒரு கவிஞர் இவ்வளவு துடுக்காக எழுதியது சின்ன லாபமில்லை.

வரைவதன் நேரடிப் பயனைத் தெளிவாகக் காட்டியவர் நாவலாசிரியர் நபக்கோவ். ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் வண்ணத்துப்பூச்சிகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து வரைந்தவர் அவர். இலக்கியம் கற்பிக்கும்போதும் அதே பழக்கம்தான். காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதைக்காக அந்த வீட்டின் அறை அமைப்பை வரைந்தார், பூச்சியையும் வரைந்தார். ஜாய்ஸின் நாவலுக்கு டப்ளின் வரைபடம். காரணம் எளிது. ‘அறையில் ஒரு ஜன்னல் இருந்தது’ என்று எழுதிவிடலாம். எந்தச் சுவரில் என்று முடிவு செய்யாமலே பத்துப் பக்கம் ஓட்டிவிடலாம். வரையும்போது அது நடக்காது. சொல் மறைக்கும் மங்கலைக் கோடு காட்டிக் கொடுத்துவிடும்.

இதே பலம்தான் பலவீனமாகவும் திரும்புகிறது. வரைந்து பழகிய கண், பார்த்ததையெல்லாம் எழுதச் சொல்லும். தூண், திண்ணை, நிழலின் சாய்வு என்று அடுக்கிக்கொண்டே போவதற்குள், பாத்திரம் வாசலிலேயே காத்து நிற்கும். படத்துக்கு ஒரு கணம் போதும். கதைக்கு அந்தக் கணம் நகர வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு: ஒரு படம் ஒரு மாலைக்குள் முடிந்து திருப்தி தந்துவிடும், நாவல் தராது. முட்டுச்சந்தில் நிற்கும் நாவலை விட்டு ஓடுவதற்குப் பொழுதுபோக்கைப் போல மரியாதையான சாக்கு வேறில்லை.

நம் வார இதழ்களில் இந்த வேலையே பிரிந்திருந்தது. சுஜாதாவின் கதைகளில் வரும் கணேஷ், வசந்துக்கு ஓவியர் ஜெயராஜ் முகம் கொடுத்தார். எழுத்தாளர் வர்ணனையைச் சுருக்கிக்கொண்டு உரையாடலுக்குப் பாயலாம். தானே வரைய வேண்டியிராததே ஒருவகையில் வேகமாயிற்று என்றுகூடச் சொல்வேன்.

கலைகளிலேயே எழுத்துக்கு நெருக்கமான உதவி ஓவியத்தைவிட இசையிலிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவலில் பாபு ரங்கண்ணாவிடம் இசை பயிலும் பகுதிகளைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அந்த இசை ஞானம் அதைவிட ஆழமாக வேலை செய்திருப்பது, சங்கீதமே பேசப்படாத அவருடைய உரையாடல்களில். யார் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவார்கள், எந்தக் கேள்விக்குப் பதில் வராது என்பதெல்லாம் காதால் அளந்து எழுதியவை. ராகப் பெயர்களைப் பக்கத்துக்குப் பக்கம் தூவும் கதைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே இசை வெறும் நகை.

எழுத வருகிறவர்கள் அனைவரும் கட்டாயம் ஒரு கலையும் பயில வேண்டும் என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. பென்சிலையே தொடாமல் துல்லியமாகக் காட்டியவர்கள்தான் அதிகம். ஏற்கெனவே வரைகிறவராக, பாடுகிறவராக இருந்தால் விடாதீர்கள். ஆனால் அதை எழுத்துக்கான பயிற்சி என்று கணக்கெழுத வேண்டாம். மற்றவர்களுக்கு, கதை நடக்கும் வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் கோணல்மாணலாகப் போட்டுப் பார்ப்பதே போதும்.