தொழுவமும் மந்தையும்: ஆங்கிலத் திருமறையின் சொல்லாட்சி

அருளுரையை ஆயத்தம் செய்கையில் தமிழ்த் திருமறையோடு ஆங்கிலத் திருமறையையும் விரித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் ஆயர்களிடையே நெடுங்காலமாக உண்டு. அவ்வேளையில் ஆங்கிலச் சொல்லொன்றின் அகராதிப் பொருளைக் கொண்டே மூலத்தின் கருத்தை நிறுவிவிடுகிறோம். இது எவ்வளவு நம்பத்தக்கது என்பதை, 1611ஆம் ஆண்டில் வெளிவந்து இன்றும் பலர் கையிலுள்ள ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பை முன்வைத்து ஆராய்வது நமது நோக்கம்.

மூலத்தின் ஒரு சொல்லை எவ்விடத்தும் ஒரே ஆங்கிலச் சொல்லால் பெயர்க்கத் தாங்கள் கட்டுப்படவில்லை என்று அம்மொழிபெயர்ப்பாளர் தம் முகவுரையில் வெளிப்படையாகக் கூறியுள்ளனர். ஒருபொருள் குறித்த சொற்களுள் சிலவற்றை ஏற்று மற்றவற்றை ஒதுக்குதல் நியாயமன்று என்பது அவர்கள் வாதம். அந்நூலின் ஓசை நயத்திற்கு இக்கொள்கையும் ஒரு காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இழப்பும் நேர்ந்தது. ரோமர் 5ஆம் அதிகாரத்தின் 2, 3, 11ஆம் வசனங்களில் பவுல் ஒரே கிரேக்க வினையை மும்முறை ஆள்கிறார். மகிமையின் நம்பிக்கையில் மேன்மைபாராட்டுதல், உபத்திரவத்திலும் மேன்மைபாராட்டுதல், இறுதியாகத் தேவனிலேயே மேன்மைபாராட்டுதல் என அவர் கருத்து படிப்படியாக ஏறுகிறது. ஆங்கிலமோ ‘ரிஜாய்ஸ்’, ‘குளோரி’, ‘ஜாய்’ என மூன்று சொற்களை இடுகிறது. படிகள் வாசகர் கண்ணுக்கு மறைந்துபோகின்றன.

மத்தேயு 25:46இல் இழப்பு இன்னும் பெரிது. ஆக்கினைக்கும் ஜீவனுக்கும் மூலத்தில் ஒரே அடைமொழியே உள்ளது. ஆங்கிலத்தில் ஆக்கினை ‘எவர்லாஸ்டிங்’ என்றும் ஜீவன் ‘எட்டர்னல்’ என்றும் அடைபெறுகின்றன. அகராதியின் துணைகொண்டு இவ்விரண்டிற்கும் வேற்றுமை காட்டிப் பிரசங்கிப்பவர், கர்த்தருடைய வார்த்தைக்கு அன்று, மொழிபெயர்ப்பாளரின் நடை விருப்பத்திற்கே விளக்கம் கூறியவராவார்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. யோவான் 10:16இல் மூலம் இரு வேறு சொற்களை ஆள்கிறது: ஒன்று ஆடுகளை அடைக்கும் தொழுவம், மற்றொன்று மேய்ப்பனைப் பின்செல்லும் மந்தை. இலத்தீன் வுல்காத்தா இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்த்தது. ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பும் இரண்டிடத்தும் ‘ஃபோல்ட்’ என்றே எழுதியது. அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் முன்னரே வில்லியம் டிண்டேல் ‘ஃப்ளாக்’ என்று சரியாகப் பெயர்த்திருந்தார் என்பது வியப்புக்குரியது. தொழுவமும் மந்தையும் என்ற வேறுபாட்டை நம் தமிழ்த் திருமறை காத்திருக்கிறது. திருச்சபை ஐக்கியத்தைப் பற்றிப் பேசுவோர்க்கு இது சிறு வேறுபாடன்று. ஒரே சுவருக்குள் அடைபடுவதை ஐக்கியம் என்பதா, ஒரே மேய்ப்பனின் குரலுக்குச் செவிகொடுப்பதை ஐக்கியம் என்பதா என்னும் கேள்வியே இச்சொல்லில் தங்கியுள்ளது.

மூன்றாவதாக, காலமும் சொல்லை மாற்றுகிறது. 1611இல் மிகச் சரியாயிருந்த சொல், மக்கள் வழக்கு மாறிய பின் பொய்ச்சாட்சியாகி நிற்கக்கூடும். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் வரும் ‘தாட்’ என்னும் சொல் அக்காலத்தில் மனக்கவலையையும் குறித்தது. இன்று வெறும் சிந்தனையையே குறிக்கும். அதை இன்றைய பொருளில் வாசிக்கும் இளைஞன், நாளைக்கென்று திட்டமிடுவதே பாவம் என எண்ணக்கூடும். 1 தெசலோனிக்கேயர் 4:15இல் ‘பிரிவென்ட்’ என்பது தடுத்தலை அன்று, முந்திக்கொள்ளுதலைக் குறிக்கும். 2 தெசலோனிக்கேயர் 2:7இல் ‘லெட்’ என்பதோ தடைசெய்தலைக் குறிக்கிறது. இன்றைய வழக்கில் அதன் பொருள் நேர் எதிரானது.

1881இல் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாடு இக்குறைகளுட் பலவற்றை நீக்கிற்று. ரோமர் 5இன் மூன்று சொற்களும் ஒன்றாயின. மந்தை மீண்டும் மந்தையாயிற்று. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் நெறியை இறுகப் பற்றியதால் பல இடங்களில் ஆங்கிலத்தின் இயல்பான ஓட்டம் கெட்டது. பழைய நடையை விடாததால் அன்றாட வழக்கினின்றும் அது விலகியே நின்றது. ஒரேவிதமாகப் பெயர்ப்பதால் மட்டும் செம்மை வந்துவிடாது.

மூலத்தில் இரு சொற்கள் வருமிடமெல்லாம் இரு கருத்துகள் உண்டு என்று கொள்வதும் தவறு. யோவான் 21ஆம் அதிகாரத்தில் இயேசு பேதுருவிடம் கேட்கும் கேள்விகளில் அன்பைக் குறிக்கும் இரு வினைகள் வருகின்றன. அவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார் என்பதைச் சொல்ல அதே சுவிசேஷம் 3:35இல் ஒரு வினையையும் 5:20இல் மற்றொன்றையும் ஆள்கிறது. எனவே ஆசிரியரின் சொல் வழக்கை ஆராயாமல் வேற்றுமை கற்பித்தல் ஆகாது.

ஆதலின், ஆங்கிலச் சொல்லின்மேல் ஒரு கருத்தை எழுப்புமுன் மூன்றை வினவுதல் நலம். மூலத்தில் இங்கு இருப்பது ஒரே சொல்லா, இரு சொற்களா? ஆசிரியர் அச்சொல்லைப் பிற இடங்களில் எவ்வாறு ஆள்கிறார்? அதைப் பெயர்த்த காலத்து மக்கள் அந்த ஆங்கிலச் சொல்லை எப்பொருளில் வழங்கினர்? இவற்றை வினவாத பிரசங்கியார் சொல்வளம் மிக்கவராயிருக்கலாம். ஆனால் சபையார் பசியோடு காத்திருப்பது அவருடைய சொல்வளத்திற்காக அன்று.